அண்டாவின் காது

அந்தப் பெண் மறுபடியும் கையைத்தான் பார்க்கிறாள். சாம்பாரைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையைப் பார்க்கிறாள். பார்க்கட்டும். நான் கரண்டியில் முகந்து, தட்டின் விளிம்பில் கொஞ்சம் சாய்த்து நிறுத்தி, பிறகுதான் ஊற்றுகிறேன், அப்படி ஊற்றினால் எதுவும் தெரியாது. சாய்க்காமல் ஊற்றினால் கரண்டி தட்டில் பட்டு டகடகவென்று சத்தம் வரும். போன வருஷம் ஒருவன், தாத்தா தாளம் போடுறாருடா என்றான், வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் படிப்பை முடித்துப் போய்விட்டான், எந்தக் கம்பெனியில் உட்கார்ந்திருந்தாலும் அவன் முகம் எனக்குத் தெரியும். அடுத்த தட்டு. அடுத்த தட்டு. இந்தப் பெண் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கட்டைவிரலால் அமுக்குகிறாள். ரெஜிலா என்று பெயர், மார்த்தாண்டம் பக்கம், இதே பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படிக்கிறாள். சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது, வேலை எந்த இடத்தில் தேங்குகிறது, இதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறதாம். முடிக்கும்போது ஏதாவது ஒரு இடத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம், அவள் எங்கள் விடுதி மெஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள். அவள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் யாரை எங்கே போடுவது, யார் வேண்டாம் என்று கான்ட்ராக்டர் முடிவு செய்வார் என்று சூப்பர்வைசர் நல்லமுத்து சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். ஆனால் இன்றைக்குக் கவலை அது மட்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் அடுப்படியில் பெரிய அண்டா கொதிக்கிறது. எனக்கு முன்னால் இருக்கிற அண்டா காலியானதும் அந்தப் பெரிய அண்டாவை நானும் அங்கே சமைக்கிற தவசியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வர வேண்டும். அதன் ஒரு காது ஆடுகிறது. காலையில் கழுவுகிற இடத்தில் கவிழ்த்துப் போட்டிருந்தபோது பார்த்தேன். காதைப் பிடித்திருக்கிற ஆணிகளில் ஒன்று கழன்று போயிருக்கிறது, மற்றது விரலை வைத்தாலே சுழல்கிறது. இப்போது அடுப்பில் அந்தக் காது சுவர்ப் பக்கம் இருக்கிறது. தவசி நிற்கிற பக்கம். அவன் பிடிக்கிற காது. அவனிடம் நான் சொல்லவில்லை. அவனிடம் நான் எதையும் சொல்வதில்லை.

பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. உசிலம்பட்டியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் நாங்கள், ஒரே அடுப்பில் நின்றவர்கள், ஒரு சாக்கை விரித்து இரண்டு பேரும் படுத்தவர்கள். பழைய கான்ட்ராக்டர் போய்ப் புதியவர் வந்தபோது அடுப்பில் ஒரு ஆள் போதும் என்றார். நான் ஸ்டோரில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து பருப்பு அள்ளிக்கொண்டிருந்தேன். வெளியே தவசி என் பெயரைச் சொல்வது கேட்டது. "பெத்தணனுக்குக் கை நடுங்குதுய்யா. அடுப்படி வேணாம், பரிமாறப் போடுங்க." அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகச் சொன்னான், அந்த மெதுவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கத்தியிருந்தால் சண்டை, சண்டை என்றால் தீர்ந்துவிடும். மெதுவாகச் சொன்னது தீராது. கை நடுங்குவதெல்லாம் இல்லை. காலையில் காப்பி குடிக்காவிட்டால் ஒரு அசைவு வரும், அவ்வளவுதான், யாருக்குத்தான் வராது. அடுத்த தட்டு. ஏம்மா, முருங்கைக்காய் வேண்டாமா, சரி. அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை. ஆனால் வேலை நடக்க வேண்டுமே. ஒரு நாள் சாம்பார் தீர்ந்துபோய் வரிசை நின்றுவிட்டது, பையன்கள் கூச்சல் போடுகிறார்கள், எனக்குத் திரும்பிச் சொல்ல வாய் வரவில்லை, ஆத்திரத்தில் காலி அண்டாவின் விளிம்பில் கரண்டியால் ஒரு அடி அடித்தேன். உள்ளே இருந்து பதிலுக்கு ஒரு அடி வந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு அடி என்றால் என் பக்கம் தீரப்போகிறது. அவன் ஒரு அடி அடித்தால் அங்கே தயார். பக்கத்தில் போய் நின்றதும் இரண்டு அடி என்றால் தூக்கு. இறக்க வேண்டும் என்றால் கரண்டி கையில் இருக்காது, காலால் தரையில் ஒரு மிதி. இது போதுமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இதற்கு மேல் எங்களுக்குள் சொல்வதற்கு எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் விழுங்கிவிட்டேன்.

இந்தப் பெண் வந்த மறுநாளே அதைப் பிடித்துவிட்டாள். தவசியிடம் போய், "இந்த சிக்னல் ஆரு கண்டுபிடிச்சது அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவன், அதுவா அமைஞ்சதும்மா என்றான். ஜப்பானில் பெரிய தொழிற்சாலைகளில் இப்படித்தான் வாயைத் திறக்காமல் அட்டையும் விளக்கும் வைத்து வேலை நடத்துவார்களாம், இங்கே படிக்காதவர்கள் தாங்களாகவே செய்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒரு பக்கம் முழுக்க எழுதப் போகிறாளாம். எழுதட்டும். வெறுப்புக்கு ஒரு பாராட்டு வரட்டும். அவன் அண்ணாச்சி, நான் தாத்தா. என்னைவிட மூத்தவன் அவன், முடிக்கு மை போடுகிறான், அதனால் அண்ணாச்சி. அவள் நல்ல பெண்தான், அதில் குறை சொல்ல முடியாது. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எங்களுக்கும் விளக்குவாள். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றுகிறவனிலிருந்து இந்தத் தட்டு வரைக்கும் ஒரு சங்கிலி, அதில் கடைசிக் கண்ணி நீங்கதான் தாத்தா என்றாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் சாட்டையைப் பற்றிச் சொன்னாள். பையன்கள் ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் மெஸ்ஸில் அதைவிடக் கொஞ்சம் கூட்டி வாங்குவார்களாம், கடைக்காரர் அதைவிடக் கூட்டி, மண்டிக்காரர் அதைவிடக் கூட்டி, கடைசியில் எங்கேயோ லாரி லாரியாகத் தக்காளி அழுகுமாம். கையை மேலே தூக்கிக் காட்டினாள், "சாட்டை மாதிரி தாத்தா. பிடிக்கிற கையில சின்ன நடுக்கந்தான், நுனியில பாம்பு மாதிரி ஆட்டம்." நடுக்கம். அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தாள். அசைவு என்று சொல்லியிருக்கலாம், ஆட்டம் என்று சொல்லியிருக்கலாம். நான் தவசியைப் பார்த்தேன், அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. தூக்காததே போதும். சொல்லியிருக்கிறான். அப்போது கான்ட்ராக்டரிடம் மெதுவாகச் சொன்ன மாதிரியே இவளிடமும் மெதுவாகச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து இவள் என் கையைப் பார்க்கிறாள். தேங்குகிற இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அங்கே கை வைத்தால் வரிசை முழுக்க ஓடும் என்கிறாள். அது ஆளா இடமா என்று கேட்டேன். ஆளைச் சொல்லல்ல தாத்தா, இடத்தைத்தான் சொல்றேன் என்றாள். அந்த இடத்தில் நிற்பது யார், ஆள்தானே. ஸ்டோருக்குள்ளே போய், வாங்கிப் போட்டு மறந்துபோன சோயா மூட்டைகளைப் பார்த்தும் தலையில் அடித்துக்கொண்டாள். நகராத சரக்கு நஷ்டம் தாத்தா, இடத்தை அடைக்கும், பூச்சி பிடிக்கும். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று தோன்றுகிறது, ஆனால் அப்போது அங்கே வேறு யாரும் இல்லை, என்னைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்.

அண்டாவில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. கரண்டி சாய்ந்து போக ஆரம்பித்திருக்கிறது. நல்லமுத்து இருந்திருந்தால் அவன் காதில் போட்டு வைத்திருக்கலாம், அந்தப் பெரிய அண்டாவைக் கொஞ்சம் பாருங்க என்று, அவன் தவசியிடம் சொல்லியிருப்பான், ஆனால் நல்லமுத்து கேஸ் கம்பெனிக்குப் போயிருக்கிறான், சாப்பாட்டு நேரத்தில்தான் அவனுக்கு எல்லா வேலையும் வரும். பொரியல் போடுகிற பொன்னுத்தாயிடம் சொல்லலாம். அவள், காலையிலேயே பார்த்தீங்களே அண்ணே, அப்பவே சொல்ல வேண்டியதுதானே என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பாள். இந்தப் பெண்ணிடமே சொல்லலாம். சொன்னால் அதையும் எழுதுவாள், ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்பதையும் எழுதுவாள், அதற்கும் ஜப்பானில் ஒரு பெயர் இருக்கும். சொல்லாமல் விட்டால் என்ன. காது கழன்றால் அண்டா அவன் பக்கம் சாயும். சாய்ந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், இந்தப் பெண் பார்ப்பாள், செல்போனோடு பார்ப்பாள். யார் கையில் நிற்கவில்லை, தவசி கையில் நிற்கவில்லை. என் பக்கம் கெட்டியாக இருக்கும். நான் பிடித்த இடம் அப்படியே இருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் கையைப் பற்றி ஊர் பேசட்டும். இதை நினைக்கும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கு அடுத்ததை நினைக்காமல் இருக்கும் வரைக்கும் நிம்மதி. அடுத்தது அவனுடைய கால். எப்போதும் செருப்பில்லாமல்தான் அடுப்படியில் நிற்பான். பஸ்ஸில் வந்தபோதும் செருப்பு இல்லை, என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன், ஆளுக்கு ஒரு செருப்போடு இறங்கினோம், பஸ் ஸ்டாண்டே சிரித்தது. கொதிக்கிற பருப்பு தண்ணீர் மாதிரி இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடாது, பட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தோலோடுதான் வரும். அடுத்த தட்டு. கை ஆடுகிறது. சாய்த்து வைத்தும் டகடகவென்கிறது. வரிசையில் எதிரில் நிற்கிற பெண் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். ரெஜிலா கட்டைவிரலால் அமுக்குகிறாள். இது காப்பியால் இல்லை, இது வேறே, இன்றைக்கு இது அவனால் வந்தது, அதையும் அவன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கரண்டி அடியில் உரசிவிட்டது. விளிம்பில் ஒரு அடி அடித்தேன். பின்னாலிருந்து உடனே ஒரு அடி வந்தது, தயார். எவ்வளவு தெளிவாக வருகிறது பார், அவனுக்கென்ன. வரிசையை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போகிறேன், அந்தப் பெண்ணும் செல்போனோடு பின்னால் வருகிறாள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். உள்ளே புகையும் பெருங்காயமும். அண்டா கழுத்து வரைக்கும் இருக்கிறது. தவசி சுவர்ப் பக்கம் நிற்கிறான், தோளில் கரித்துணி, கையில் கரண்டி. அவன் இடுப்பு மறைக்கிறது, காது எப்படி இருக்கிறது என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை. நான் என் பக்கம் போய் நின்றேன். என் கரித்துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன். எனக்கு ஒன்று தோன்றியது, தோன்றியதும் என்னையே மெச்சிக்கொண்டேன், பேசாமலே சொல்லிவிடலாம். பக்கத்துத் திண்டில் கிடந்த கரண்டியை எடுத்து விளிம்பில் மூன்று அடி அடித்தேன். தவசி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மூன்று என்றால் எங்களுக்குள் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு அடி கிடையாது. திரும்பவும் அடித்தேன், இன்னும் பலமாக, மூன்று. அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அந்த முகத்தை நேராகப் பார்த்தே பல காலம் ஆகிறது, தாடை தொங்கிவிட்டது, மை போட்ட முடிக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு. ரெஜிலா, மூணு அடின்னா என்ன அர்த்தம் என்று கேட்டாள். வெளியே வரிசையில் தட்டுகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தவசி விளிம்பில் இரண்டு அடி அடித்தான். தூக்கு. கரண்டியைப் போட்டுவிட்டுக் குனிந்தான். நானும் குனிந்தேன், என் பக்கத்துக் காதைப் பிடித்துவிட்டேன், பழக்கம் அப்படி, இரண்டு அடி கேட்டால் உடம்பு தானாகக் குனியும். இன்னும் ஒரு மூச்சு. அந்த மூச்சில் சொல்லாவிட்டால் பிறகு சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அவன் கால் விரல்கள் தெரிந்தன, ஈரத் தரையில் பரப்பிவைத்திருந்தான்.

"தவசி, காது."

என் குரல்தான். வேறு யாரோ பேசுகிற மாதிரி கரகரவென்று வந்தது, அவன் பெயரைச் சொல்வதே மறந்துபோயிருந்த நாக்கு. அவன் குனிந்தபடியே இருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

"கம்பி போட்டுக் கட்டிருக்கேன். தூக்கு."

அப்படித்தான் சொன்னான். நேற்றுப் பேசிவிட்டு இன்றைக்குத் தொடர்கிற மாதிரி. கம்பி போட்டிருக்கிறான். அவனுக்குத் தெரியும். எப்போது பார்த்தான், நான் கழுவுகிற இடத்தில் குந்தி அந்த ஆணியைச் சுழற்றிக்கொண்டிருந்ததையும் பார்த்தானா. பார்த்துவிட்டு, சொல்கிறேனா இல்லையா என்று இவ்வளவு நேரம் காத்திருந்தானா. இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்த வாயை ஒரு துண்டுக் கம்பிக்காகத் திறந்துவிட்டேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது, அது அடுப்பால் இல்லை. தூக்கினோம். காது நின்றது. மெதுவாக, பக்கவாட்டில், அவன் பின்னால் நகர நான் முன்னால் நகர, வாசற்படியைத் தாண்டும்போது எனக்கு இன்னொன்று உறைத்தது. அண்டாவை அடுப்பில் ஏற்றியது அவன்தான். எந்தக் காது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று திருப்பி வைத்தவன் அவன்தான். ஆடுகிற காதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, நல்ல காதை எனக்கு விட்டிருக்கிறான். என் கையை நம்பவில்லை, அதனால்தான். அதனாலாகத்தான் இருக்கும். வேறு எதனால் இருக்க முடியும் என்று நினைக்க எனக்கு விருப்பமில்லை. சாம்பார் ஆடியது. நான் கீழே பார்த்தேன், என் பக்கத்திலிருந்து சின்னச் சின்ன வளையமாக அலை கிளம்பி நடுவுக்குப் போகிறது, அது எனக்குத் தெரிந்த அலைதான், தினமும் பார்ப்பதுதான். நடுவில் அது வேறொன்றோடு மோதியது. அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது. இதைவிடச் சின்னதாக, இதைவிட வேகமாக, விடாமல் வருகிறது. கம்பியால் இல்லை. கம்பி இறுக்கமாக இருக்கிறது, இப்போது தெரிகிறது. நான் அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். அவன் நான் பார்ப்பதைப் பார்த்தான். பரிமாறுகிற மேடைக்கு ஏற்றுகிற இடத்தில் அவன் பக்கம் ஒரு தளும்பு தளும்பித் தரையில் கொட்டியது, அவன் காலுக்குப் பக்கத்தில், ஆவி பறக்க. காலை நகர்த்திக்கொண்டான். மேடையில் வைத்தோம். கரித்துணியால் கைகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ரெஜிலா கொட்டிய இடத்தைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றாள். இன்றைக்குத் தூக்கி வர வழக்கத்தைவிட நேரமாகியிருக்கிறதாம், கொட்டியும் இருக்கிறதாம், இரண்டுக்கும் காரணம் எழுத வேண்டுமாம். "என்னன்னு போடட்டும் தாத்தா?" என்று கேட்டாள். முகத்தில் கள்ளம் இல்லை. அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லையோ என்று அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. வாய் முழுக்க அந்த வார்த்தை நிற்கிறது. எத்தனை வருஷமாக நான் நினைத்து வைத்திருந்த வார்த்தை, அவனே எனக்குச் செய்து கொடுத்தது, பெயரை மட்டும் மாற்றினால் போதும். மெதுவாகச் சொன்னால் போதும், மெதுவாகச் சொன்னால்தான் நிற்கும். இவள் எழுதிக்கொள்வாள், கான்ட்ராக்டர் படிப்பார், அடுப்படிக்கு வேறே ஆள் வருவான், தவசி இங்கே எனக்குப் பக்கத்தில் வந்து நின்று அப்பளம் போடுவான். வரிசை என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. எப்போதும் இந்த நேரத்தில் ரசத்துக்குத் தாளிப்பான். தாளிக்கவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

"அண்டா ரொம்ப நெறஞ்சிருந்துச்சும்மா" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அப்ப இனிமே அளவைக் குறைக்கச் சொல்லிடலாம் என்றாள். சொல்லட்டும். இதனால் அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவனும் நினைக்க வேண்டாம். அந்த வார்த்தை என்னிடம்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை, உள்ளே பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறேன். நகராத சரக்கு நஷ்டம் என்று இந்தப் பெண் சொல்வாள். இருக்கட்டும், நஷ்டம் என்னுடையது. பின்னால் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. நான் கரண்டியில் முகந்து எடுத்தேன், தட்டின் விளிம்பில் சாய்க்க மறந்துவிட்டேன், அது டகடகவென்று அடித்துக்கொண்டது, வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த தட்டு.